கல்யாணப் பத்திரிகைக்கு வயதேற்றிய கதை

கொட்டாவிப்பட்டி கடைத்தெருவில் ஓர் அச்சகம். வேலை பார்ப்பவர்கள் மூன்று பேர். மூவருக்கும் சேர்த்து மூக்குக் கண்ணாடி இரண்டு, குடை ஒன்று, கம்ப்யூட்டர் ஒன்று. மூளையை மட்டும் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

முதலாளி பெயர் தளவாய். அவருடைய அக்கா மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை அடித்துக் கொடுப்பது தாய்மாமன் பொறுப்பு. வெள்ளிக்கிழமைக்குள் முந்நூறு பத்திரிகை கைக்கு வராவிட்டால் சொந்தபந்தத்தின் முன்னால் தலைகாட்ட முடியாது. அந்தக் கவலையில் ஆறு இட்லி சாப்பிடும் மனுஷன் நாலோடு எழுந்துவிட்டார்.

மாப்பிள்ளை தன் கம்ப்யூட்டரில் வாசகத்தை அடித்து, பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தார். இங்கே அதைக் கம்ப்யூட்டருக்குள் இறக்கித் திறந்தால், எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாக வந்தது. தளவாய் போன் போட்டார்.

“மாமா, ஃபைல் புதுசு, உங்க கம்ப்யூட்டர் பழசு. அதான் திறக்கலை. ஃபைலைப் பழசா மாத்திட்டாத் திறந்துடும்” என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை பஸ் ஏறிவிட்டார்.

மூவரும் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

“புதுப் புளியைப் பழசாக்க என்னடே செய்வோம்?” என்றார் தளவாய்.

“உப்புப் போட்டுப் பானையில அடைப்போம், அண்ணாச்சி” என்றான் மிஷின் ஓட்டும் பூலுடையார்.

பென்டிரைவ் மூன்று நாள் உப்புப் பானையில் கிடந்தது. எடுத்துத் துடைத்துச் செருகினார்கள். இப்போது கட்டம்கூட வரவில்லை.

வியாழக்கிழமை ஆகிவிட்டது. பைண்டிங் செய்யும் சொரிமுத்துதான் வழி கண்டான். “உள்ள இறக்கின ஃபைல் அப்படியேதான இருக்கு? திரை மூலையில தேதி இருக்குல்லா, அதைத் தள்ளி வைப்போம். தன்னால வயசாயிரும்.”

கம்ப்யூட்டர் வாங்கிப் பதினெட்டு வருஷம். தேதியைப் பதினெட்டு வருஷம் கழித்து வரும் நாளுக்குத் தள்ளினார்கள். திறக்கவில்லை.

தளவாய் விரல்விட்டு எண்ணினார். “ஏலே, ஃபைலுக்குப் பதினெட்டு ஆச்சு, சரி. அதுக்குள்ள கம்ப்யூட்டருக்கு முப்பத்தாறு ஆயிட்டே!”

“அப்போ இன்னொரு பதினெட்டு தள்ளுங்க.”

தள்ளினார்கள். ஃபைலுக்கு முப்பத்தாறு, கம்ப்யூட்டருக்கு ஐம்பத்துநாலு.

“சண்டாளக் கம்ப்யூட்டர், நின்னு தொலைக்க மாட்டேங்குதே” என்று பூலுடையார் மூச்சு வாங்கினான்.

தளவாய் திரை மூலையில் இருந்த தேதியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மெல்லச் சுருங்கியது.

“ஏலே, அப்போ கல்யாணம் முடிஞ்சு முப்பத்தாறு வருஷமா ஆச்சு?”

சொரிமுத்து தேதியை இரண்டு தரம் சரிபார்த்தான். “ஆமா, அண்ணாச்சி.”

“என்னை ஒருத்தரும் கூப்பிடலையே! தாய்மாமன் இல்லாம எப்படிலே தாலி கட்டினாங்க?”

மற்ற இருவரும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அன்று தளவாய் ஓர் இட்லிகூடத் தொடவில்லை.

மறுநாள் காலையில் அக்கா வந்தாள்.

“தம்பி, பத்திரிகை எங்கடா?”

தளவாய் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“அதைத்தான் அக்கா நானும் கேக்கேன். முப்பத்தாறு வருஷமாக் கேக்கேன்!”