தலைவர் வேட்டியில் விழுந்த சக்கை

ஒன்றிய அலுவலகத்தில் புதுக் கக்கூஸ் கட்டினார்கள். கொஞ்சத் தண்ணியிலேயே கழுவிவிடும் ரகம். தலைவர் வைரமணிக்கு எதுவும் பெரிசாக இருக்கணும்.

“ஆறு இஞ்சு குழாய் போடுய்யா. அடைச்சா நீதான் கையால அள்ளணும்.”

குழாய்க்காரர் சூசை அளவு நாடாவைச் சுருட்டினார். நாலு இஞ்சு போதும் என்றால் இவர் கேட்கிற ஆளா?

மதியப் பந்தியில் சூசையே ரசவாளியைத் தூக்கினார். மேசை தலைவர் பக்கம் சாய்ந்திருந்தது. அவர் இலையில் மென்று போட்ட முருங்கைக்காய்ச் சக்கை. அதன்மேல் ஒரு கரண்டி ரசம் விட்டார். ரசம் இலை முழுக்கப் பரவியது, சக்கை அசையவில்லை.

“இது உங்க ஆறு இஞ்சுங்க.”

இலையின் இரண்டு ஓரத்தையும் ஒரு கையால் சேர்த்துத் தூக்கி ஒடுக்கினார். அதே அளவு ரசம் விட்டார். சக்கை சறுக்கிப் போய்த் தலைவர் வேட்டியில் விழுந்தது.

“இது நாலு இஞ்சுங்க ஐயா.”

தலைவர் மடியைப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

“நாலே போடு. அள்ளுற வேலை உனக்கு வேண்டாம். இந்த வேட்டியத் துவைச்சுட்டு வா.”