வாசலை அகலமாக்கிய முயல்

காட்டில் கண்வீக்க நோய் பரவியது. முதலில் ஒரு மானுக்குக் கண் வீங்கியது. அது குளத்தில் தண்ணீர் குடித்தது. அதன் பக்கத்தில் நின்று குடித்த காட்டுப்பன்றிக்கு மறுநாள் வீங்கியது. பிறகு குரங்குகளுக்கு. பிறகு மரநாய்க்கு. கண் தெரியாததால் இரை தேட முடியவில்லை. இருந்த இடத்திலேயே படுத்துப் பல செத்துப்போயின.

காட்டின் தலைவி பெரியநாயகி என்ற யானை. அது குளக்கரை மேட்டில் ஏறிப் பிளிறியது.

“இன்று முதல் ஊரடங்கு! யாரும் வளையை விட்டோ கூட்டை விட்டோ வெளியே வரக்கூடாது! காக்கைகளை இந்த நோய் தொடவில்லை. உங்களுக்கு வேண்டிய தீனியை அவை கொண்டுவரும். உங்கள் பக்கத்துப் பாறைமேல் வைத்துவிட்டுக் கரையும். எடுத்துக்கொள்ளுங்கள்!”

“பாறைவரை ஏன் நடக்க வேண்டும்? வாசலிலேயே வைத்தால் என்ன?” என்று ஒரு குரல் கேட்டது.

“எந்த வளை யாருடையது என்று யாருக்கும் தெரிய வேண்டாம்! நோய் போன பிறகும் நாம் இதே காட்டில்தான் இருக்கப்போகிறோம்!” என்றது யானை.

கேள்வி கேட்டது செம்பகராமன் என்ற முயல். முயலுக்குக் காது நீளம் என்பார்கள். செம்பகராமனுக்கும் நீளம்தான். ஆனால் தனக்குப் பிடித்தது மட்டும்தான் அந்தக் காதுக்குள் போகும்.

செம்பகராமன் ஒரு செம்மண் மேட்டில் வளை தோண்டி வாழ்ந்தது. மனைவி பூரணமும் மூன்று குட்டிகளும் உடனிருந்தன. வளையின் முன்வாசல் மிகச் சிறியது. முயலே உடம்பைச் சுருக்கிக்கொண்டுதான் நுழைய முடியும். பின்னால் தப்பி ஓட இன்னொரு வழியும் இருந்தது. அது ஒரு சூரைமுள் புதருக்குள் போய்த் திறந்தது.

ஊரடங்கு தொடங்கியது. காக்கைக் கூட்டத்தின் தலைவி வேலாயி. அது சொன்னபடி வந்தது. பாறைமேல் புல்கட்டைப் போட்டுவிட்டு, “கா!” என்று கத்தியது. சில நாள் புல் வாடியிருந்தது. சில நாள் பொழுது சாய்ந்துதான் வந்தது. ஒருநாள் வரவே இல்லை.

செம்பகராமனுக்குக் கோபம் வந்தது. பாறைக்கு வந்து கத்தியது.

“வேலாயி! இது புல்லா, கூரையிலிருந்து உருவின ஓலையா? ஒரு நாவற்பழம் உண்டா? ஒரு இளங்கொழுந்து உண்டா?”

“காடே கண் வீங்கிக் கிடக்கிறது! உனக்கு நாவற்பழம் கேட்கிறதோ? பால் கொடுக்கிற தாய்களுக்கே இன்னும் கொண்டுபோய் முடியவில்லை. இருப்பதைத் தின்னு!” என்று சொல்லிவிட்டு வேலாயி பறந்தது.

“பார்த்தாயா அதன் திமிரை! வேலை செய்கிற லட்சணமா இது!” என்று செம்பகராமன் வளைக்குள் வந்து பொருமியது. அது மட்டும் என்ன வேலை செய்தது என்று கேட்காதீர்கள். காலை முதல் மாலை வரை படுத்துக்கொண்டு காக்கைகளைத் திட்டியது. அதுதான் அதன் வேலை.

இந்தத் திட்டு ஒரு காதில் விழுந்தது. சாந்தமூர்த்தி என்ற காட்டுப்பூனையின் காதில்!

ஊரடங்கினால் யாருமே வெளியே வரவில்லை. அதனால் பூனைக்கு இரையே அகப்படவில்லை. விலா எலும்பு தெரிய மெலிந்திருந்தது. ‘அவை வெளியே வராவிட்டால் என்ன? நாம் வீட்டுக்கே போவோம்!’ என்று அது தீர்மானித்தது. ஒரு தேக்கிலையை எடுத்து வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டது. வாழைமட்டையில் நாவற்பழமும் இளங்கொழுந்தும் பொட்டலம் கட்டியது. பாறை அருகே வந்து மெல்லக் கூப்பிட்டது.

“செம்பகராமன் ஐயா! இருக்கிறீர்களா?”

முயல் தூரத்துப் புல்லுக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டியது. பூனையைப் பார்த்ததும் நடுங்கிவிட்டது.

“பயப்படாதீர்கள் ஐயா! எனக்கு நோய் வந்து போய்விட்டது. இனி வராது. அதனால்தான் ஊருக்கு உழைக்கிறேன். அந்த நோய்க்குப் பிறகு மாமிச வாடையே எனக்கு ஆகவில்லை. குமட்டுகிறது. என் மூச்சுகூட உங்கள்மேல் படக்கூடாது என்று இலை கட்டியிருக்கிறேன், பாருங்கள்!”

பொட்டலத்தை வைத்துவிட்டு, கும்பிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது.

செம்பகராமன் பொட்டலத்தை வளைக்கு இழுத்து வந்தது. பூரணம் திகைத்தது.

“என்னங்க இது? பூனை கொண்டுவந்ததையா தின்னப்போகிறீர்கள்?”

“அடி அசடே! வாயை இலையால் கட்டியிருக்கிறது. வாயை மூடினவன் யாரைக் கடிப்பான்?”

“இலையை அவிழ்த்தால்?”

“எதற்கெடுத்தாலும் சந்தேகம்! இந்தப் பழத்தைத் தின்று பார்.”

பூரணம் ஒரு பழத்தைத் தின்றது. இனித்தது. இன்னொன்றும் தின்றது. அதற்குப் பிறகு அது அவ்வளவு கேள்வி கேட்கவில்லை. இனிப்பு உள்ளே போனால் கேள்வி வெளியே வருவது குறைந்துவிடும்.

மறுநாளும் பூனை வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. ஒருநாள் லேசாக இருமியபடி கேட்டது.

“ஐயா, நீங்கள் பாறைவரை நடந்து வருகிறீர்களே, எனக்கு மனசு கேட்கவில்லை. உங்கள் வாசல் எங்கே என்று சொன்னால் அங்கேயே வைத்துவிடுவேன்.”

“இப்படி ஒருத்தராவது கேட்டார்களா!” என்று செம்பகராமன் பூரித்துப்போய் வாசலைக் காட்டியது.

“பின்வாசல் உண்டா ஐயா? மழை பெய்தால் அந்தப் பக்கம் வைக்கலாம் என்று கேட்டேன்.”

“உண்டு, உண்டு! அதோ, சூரைமுள் புதருக்குள் இருக்கிறது!”

“அக்கம்பக்கத்தில் பாவம், வேறு யாராவது கஷ்டப்படுகிறார்களா?”

செம்பகராமனுக்குத் தாராள குணம் பொங்கியது. தன் கைப்பொருளைக் கொடுக்க வேண்டியதில்லை என்றால் அதற்கு எப்போதுமே தாராள குணம்தான்.

“கள்ளிப்புதருக்கு அடியில் ஒரு காடைத் தம்பதி இருக்கிறது. குஞ்சுகள் பொரித்திருக்கின்றன. அந்தப் பிளந்த பாறையின் இடுக்கில் உடும்பு முட்டையிட்டிருக்கிறது. அவர்களுக்கும் கொடும்!”

“கட்டாயம் பார்த்துக்கொள்கிறேன் ஐயா!” என்றது பூனை.

பார்த்துக்கொண்டது. சில நாளில் கள்ளிப்புதர்ப் பக்கம் சத்தமே இல்லை. அன்று பூனை இரண்டு பொட்டலம் கொண்டுவந்தது. அதன் விலா எலும்பு இப்போது தெரியவில்லை.

“காடைகள் ஊருக்குப் போய்விட்டன போலிருக்கிறது ஐயா. அவர்கள் பங்கு மீந்துவிட்டது. உங்களுக்கு வேண்டுமா?”

“ஊரடங்கில் ஊருக்குப் போனார்களா? பொறுப்பில்லாத ஜென்மங்கள்! இவர்களால்தான் நோய் பரவுகிறது!” என்று சீறியது செம்பகராமன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டது. “சரி, சரி. பொருள் வீணாகக்கூடாது பாரும். இப்படி வையும்.”

குஞ்சுகளுக்கு இறகே முளைக்கவில்லையே, எப்படிப் போயிருக்கும்? பூரணத்துக்கு அது தோன்றியது. வாயைத் திறந்தது. செம்பகராமன் ஒரு நாவற்பழத்தை எடுத்துக் கொடுத்தது. பூரணம் அதை வாங்கிக் கீழே வைத்தது. தின்னவில்லை.

பொட்டலங்கள் பெருகின. தின்ன முடியாததை எல்லாம் செம்பகராமன் சேர்த்து வைத்தது. நாளைக்கு வராவிட்டால்? நாளை மறுநாள் வராவிட்டால்? வைக்க இடமில்லாமல் பின்வழியில் கொண்டுபோய்த் திணித்தது.

“என்னங்க, அது ஓடுகிற வழி! அதை அடைக்கிறீர்களே!” என்று பூரணம் குறுக்கே நின்றது.

“யாரிடமிருந்து ஓட வேண்டும்? ஓடின காலமெல்லாம் போய்விட்டது. இப்போது எல்லாம் வாசலுக்கே வருகிறது! நகரு!”

இன்னொரு நாள் பூனை பெருமூச்சு விட்டது.

“பெரிய பொட்டலம் கட்டினேன் ஐயா. உள்ளே ஒரு பலாச்சுளைகூட இருக்கிறது. ஆனால் உங்கள் வாசலில் நுழையவில்லை. திருப்பிக்கொண்டு போகட்டுமா?”

“ஐயையோ! பொறும், பொறும்!” என்று பதறியது செம்பகராமன்.

அன்று இரவு முழுக்க அது தூங்கவில்லை. நோய் தொடங்கிய நாளிலிருந்து ஒரு துரும்பைக்கூட நகர்த்தாத அந்த முயல், மண்ணைப் பறித்தது! நகம் தேயத் தோண்டியது! ஒரு முயல் நுழைய இடமிருந்த வாசலை, ஒரு பூனை நுழைகிற வாசலாக மாற்றிவிட்டுத்தான் ஓய்ந்தது.

வேலாயி மேலே பறந்தபோது அந்தப் பெரிய ஓட்டையைப் பார்த்தது.

“ஏய் முயலே! வாசலை ஏன் இப்படி வாய்பிளந்து வைத்திருக்கிறாய்?”

“பொறாமைப்படாதே! உன் வாடின புல் இனிமேல் எனக்கு வேண்டாம். வேலை செய்யத் தெரிந்தவர்கள் கிடைத்துவிட்டார்கள்!”

“வேண்டாமென்றால் நல்லது. எனக்கு ஒரு நடை மிச்சம்!” என்று வேலாயி வேறு பக்கம் போய்விட்டது. தீனி கொண்டுவருவது யாரென்று நின்று கேட்கவில்லை. காக்கைக்கும் கோபம் வரும் அல்லவா?

அடுத்த நாள் நடுப்பகலில் வாசல் இருண்டது. சாந்தமூர்த்தி உள்ளே வந்துகொண்டிருந்தது.

“அடடா! வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைக்கிறீரா? என்ன பணிவு, என்ன பணிவு! எங்கே பொட்டலம்?” என்றது செம்பகராமன்.

பூனை முன்காலால் தேக்கிலையைக் கழற்றிக் கீழே போட்டது.

“இன்று கொண்டுவரவில்லை ஐயா. கொண்டுபோக வந்திருக்கிறேன்.”

செம்பகராமன் அப்போதுதான் அந்தப் பற்களைப் பார்த்தது. பின்வழிக்கு ஓடியது. அழுகின புல்லிலும் பழத்திலும் முகம் மோதி நின்றது. கொழுத்திருந்த உடம்பு திரும்பக்கூட வளையவில்லை.

“சாந்தமூர்த்தி! நில்லும்! என்னை விட்டுவிடும்! அந்தப் பிளந்த பாறை இடுக்கில் உடும்பு முட்டைகள் இருக்கின்றன. நான் வழி காட்டுகிறேன்!”

“அதை முன்பே காட்டிவிட்டீர்கள் ஐயா. நன்றாக இருந்தது,” என்றது பூனை.

“பூரணம்! நீ போ! நீ போய் அதோடு பேசு!” என்று செம்பகராமன் மனைவியைத் தேடியது.

ஆனால் பூரணம் பேசுகிற நிலையில் இல்லை. இலை கீழே விழுந்த நொடியிலேயே அது குட்டிகளைத் தள்ளிக்கொண்டு அழுகல் குவியலின் அடியில் தலையை நுழைத்துவிட்டது. மேலே இருந்தது காய்ந்து இறுகியிருந்தது. அடியில் குழகுழவென்று நொதித்திருந்தது. பூரணம் அதைக் கால்களால் வாரி வாரிப் பின்னால் எறிந்தது. மூக்கில் ஏறியது, கண்ணில் ஏறியது. ஒரு குட்டி அழுதது. “அழாதே! போ!” என்று அதைக் கடித்து இழுத்தது. பின்னால் செம்பகராமன் ஒருமுறை வீரிட்டது. பூரணம் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் தோண்டியது.

முள்புதருக்குள் நான்கு தலைகள் வெளியே வந்தன. பூரணத்தின் உடம்பு முழுக்க அழுகல். காது கிழிந்திருந்தது. முன்பு கத்தாததற்கெல்லாம் சேர்த்து அது இப்போது கத்தியது.

“பூனை! பூனை! வளைக்குள் பூனை!”

வேலாயி அதைக் கேட்டது. காக்கைக் கூட்டம் மொத்தமும் கரைந்துகொண்டு இறங்கியது. சாந்தமூர்த்தி செம்பகராமனைக் கவ்விக்கொண்டு அகன்ற வாசல் வழியாகச் சௌகரியமாக வெளியே வந்தது. காக்கைகள் அதன் தலையில் கொத்தின, முதுகில் கொத்தின. அது மலைச்சரிவில் பாய்ந்து ஓடி மறைந்தது. அதன்பின் இந்தக் காட்டுப் பக்கம் வரவில்லை. வாயிலிருந்ததை மட்டும் அது கடைசிவரை விடவில்லை.

பூரணம் அன்று முழுக்க முள்புதரைவிட்டு நகரவில்லை. குட்டிகளை நக்கிச் சுத்தம் செய்துகொண்டே இருந்தது. வேலாயி ஒரு கட்டு அருகம்புல்லைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தது. வாடின புல்தான்.

மழை வந்தது. நோய் தணிந்தது. ஊரடங்கு முடிந்து, பிழைத்தவை எல்லாம் குளக்கரையில் கூடின. எல்லாம் செம்பகராமனைப் பற்றியே பேசின.

“எவ்வளவு பெரிய முட்டாள்! பூனையை நம்புவார்களா?” என்றது ஒரு பெருச்சாளி.

“எனக்கு முதல்நாளே தெரியும்! அந்த இலையைப் பார்த்ததும் கண்டுகொண்டேன்!” என்றது ஒரு கீரி.

“தெரிந்தால் எங்களிடம் ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டது பூரணம்.

கீரி பெருச்சாளியின் பின்னால் நகர்ந்துகொண்டது. பெரியநாயகி யானை மெல்ல நடந்து அவற்றின் வளைகளைச் சுற்றிப் பார்த்தது. பெருச்சாளியின் வாசலில் புதுமண் குவிந்திருந்தது. கீரியின் வாசலிலும் குவிந்திருந்தது. எல்லா வாசல்களும் பலாச்சுளைப் பொட்டலம் நுழைகிற அளவுக்குத் தயாராகத் திறந்திருந்தன. பூனைக்கு நாள்தான் போதவில்லை!

யானை குளத்துக்குத் திரும்பி வந்தது. தும்பிக்கை நிறையத் தண்ணீரை உறிஞ்சி, அந்தப் புத்திசாலிகள் எல்லார் முகத்திலும் பீச்சியடித்துவிட்டுப் போனது.

இருந்த இடத்துக்கே எல்லாம் வரவேண்டும் என்று, கொண்டுவருபவன் யாரென்றும் பாராமல் வாசலை அகலமாக்குகிறவன், ஒருநாள் தானே பொட்டலமாகிப் போவான்.