துரோகம் செய்த பஞ்சமம்

முன்னொரு காலத்தில் செங்கழனி நாட்டை வில்லவராயன் என்ற ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு சட்டம் போடுவான். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அதை மாற்றிவிடுவான். அவனுடைய சபையில் பூவராகர் என்று ஒரு சங்கீத அதிகாரி இருந்தார். சங்கீதம் அவருக்குத் தெரியாது. அதிகாரம் தெரியும்.

அரண்மனைப் பாடகி வடிவுடையாள் பாடினால் சபையே சொக்கிப்போகும்; பூவராகருக்கு வயிறு எரியும். ஒருநாள் அவள் தம்பூராவுக்குச் சுருதி சேர்க்கும்போது அவர் துள்ளி எழுந்தார்.

"மகாராஜா! சுரங்களில் 'ஸ'தான் ராஜா. அதாவது தாங்கள்! அதை ஒட்டி நிற்கும் 'ரி' விசுவாசமான சேவகன். இவளோ 'ரி'யை ஒதுக்கிவிட்டு, எங்கோ எட்டக் கிடக்கும் பஞ்சமத்தை, அந்தப் 'ப'வை, ராஜாவோடு சேர்த்து மீட்டுகிறாள். பச்சைத் துரோகம்!"

ராஜா மீசையை முறுக்கினான். "ஆமாம், துரோகம்தான்! இனித் தம்பூராவில் ஸவும் ரியும் மட்டுமே ஒலிக்க வேண்டும்."

வடிவுடையாளுக்குக் கண் கலங்கியது. "அவை இரண்டும் சேர்ந்து ஒலித்தால் காது கூசும், மகாராஜா. அதை வைத்துக்கொண்டு என்னால் பாட முடியாது."

"அப்படியானால் நாட்டைவிட்டுப் போ!"

அமைச்சர் அரியநாயகம் சாவகாசமாக எழுந்தார். "பிரபு, தண்டிப்பதற்கு முன் துரோகியை அடையாளம் காண வேண்டாமா? திரைக்குப் பின்னால் இரண்டு தம்பூராக்கள் வைப்போம். ஒன்று இவள் வழக்கப்படி, மற்றது பூவராகர் உத்தரவுப்படி. எது துரோகி என்று அவரே சொல்லட்டும். எவ்வளவு பெரிய காது அவருக்கு!"

"தூக்கத்தில்கூடச் சொல்வேன்!" என்று நெஞ்சை நிமிர்த்தினார் பூவராகர்.

வடிவுடையாள் தம்பூராக்களோடு உள்ளே போய் உட்கார்ந்தாள்; திரை விழுந்தது. முதல் தம்பூரா ஒலித்தது. இரண்டு சுரங்களும் ஒன்றாய்க் கரைந்து மண்டபத்தை நிறைத்தன. வாசல் காவலன்கூட ஈட்டியைச் சாய்த்துவிட்டுக் கேட்டான்.

"ஆகா! இதுவல்லவா விசுவாசம்! ராஜாவும் ரியும் கைகோத்து நடக்கிறார்கள்!" என்று உருகினார் பூவராகர்.

இரண்டாவது ஒலித்தது. சுரங்கள் ஒன்றையொன்று பிறாண்டின. ராஜா காதைப் பொத்திக்கொண்டான்.

"இதோ துரோகி! பிரபுவின் காதையே கடிக்கிறான்! தந்தியை அறுத்துச் சுண்ணாம்புக் காளவாயில் போடுங்கள்!" என்று பூவராகர் குதித்தார்.

அமைச்சர் திரையை விலக்கினார். "அம்மா வடிவுடையாள், அந்தத் துரோகியின் தந்திகளைத் தனித்தனியே மீட்டு."

மீட்டினாள். ஸ. அடுத்து, ரி.

சபை கொல்லென்று சிரித்தது.

"பிரபு, 'ரி' நல்ல சுரம்தான்," என்றார் அமைச்சர். "பாட்டில் ஸவுக்கு அடுத்து வந்தால் இனிக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒலித்தால்தான் சண்டை. தள்ளி நிற்கிற 'ப'வோ ஸவோடு அப்படியே கலந்துவிடும். ஒட்டிக்கொண்டு நிற்பது வேறு, ஒத்துப்போவது வேறு. பூவராகருக்கு ஒட்டிக்கொள்ள மட்டும்தான் தெரியும்."

"எனக்கு அப்போதே சந்தேகம்தான்!" என்றான் ராஜா, கூசாமல். வடிவுடையாளைப் பாடச் சொல்லி, தன் முத்துமாலையை அமைச்சருக்குப் போட்டான். பிறகு திரும்பினான். "பூவராகரே, உம்முடைய விசுவாசத் தம்பூராவை வீட்டுக்கு எடுத்துப் போய் நாள் முழுக்க மீட்டும். நிறுத்தினால் கசையடி!"

பூவராகர் வீட்டில் உட்கார்ந்து மீட்டினார். சாயங்காலம் ஆவதற்குள் அவர் மனைவி தம்பூராவையும் அவரையும் சேர்த்து வெளியே தள்ளி, கதவைத் தாழிட்டாள்.