சுகிர்தா டீச்சரின் வெயில் அறை

குருவுக்கு வயது முப்பத்து நாலு. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. தலைகீழாக இருக்கிறதே என்று யாரும் திகைக்க வேண்டாம். கோத்தகிரியில் நடந்தது அப்படித்தான், அதற்கு நான் என்ன செய்ய?

சீடர், சுகிர்தா டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவர். குரு, கிரிதரன். வீடுகளுக்குப் படம் போட்டுக் கட்டித் தருகிற ஆர்க்கிடெக்ட். இதே டீச்சரிடம் வட்டமும் முக்கோணமும் போடத் தெரியாமல் திட்டு வாங்கியவர்தான். இப்போது டீச்சர் அவரை "சார்" என்பார். அவர் டீச்சரை "டீச்சர்" என்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு கூச்சமும் கிடையாது.

டீச்சருக்கு ஒரு அறை வேண்டும். வீட்டின் கிழக்கு ஓரத்தில், சுவரும் கண்ணாடி, கூரையும் கண்ணாடி. ஆசைக்குக் கட்டிக்கொள்கிற அறை இல்லை இது. அவர் கணவர் குணசீலனுக்கு மூச்சிரைப்பு. போன மார்கழியில் பனி இறங்கினதும் நெஞ்சு அடைத்துப்போய், ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தார். கோயம்புத்தூரில் இருக்கும் மகன், மலையை விட்டு இறங்கி வந்துவிடுங்கள் என்று ஒற்றைக் காலில் நின்றான். குணசீலன் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. டீச்சர்தான் குறுக்கே புகுந்து மகனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். வருகிற பனிக்குள் ஒரு வெயில் அறை கட்டிவிடுகிறேன், அதில் உன் அப்பா சுகமாக இருந்தால் இங்கேயே இருக்கிறோம், இல்லாவிட்டால் வீட்டை விற்றுவிட்டு வந்துவிடுகிறோம் என்று.

வாக்குக் கொடுப்பது சுலபம். பனி வருவதற்கு முன்னால் கண்ணாடி கூரையேற வேண்டுமே!

கிரிதரனிடம் போனார்.

"எனக்குக் கத்துக்கொடுங்க, சார். அவர் உட்காரப் போற அறை. நானே வரையணும்."

"வரைங்க. ஆனா எனக்குச் சரின்னு படற வரைக்கும் கண்ணாடிக்கு ஆர்டர் குடுக்கக் கூடாது. சம்மதமா?"

டீச்சர் சம்மதித்தார். அன்றைக்குப் பிடித்தது பாருங்கள் ஒரு பைத்தியம். முற்றம் முழுக்கக் குச்சி நட்டு நிழலை அளந்தார். எந்த மாதத்தில் சூரியன் எங்கே ஏறும், கூரையை எவ்வளவு சாய்த்தால் வெயில் நேராக நாற்காலி மேல் வந்து விழும் என்று கணக்குப் போட்டார். சோறு பொங்கி வழிந்தது தெரியவில்லை. பால்காரர் கூப்பிட்டது காதில் விழவில்லை. குணசீலன் ஜன்னலுக்குள் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்துச் சிரித்துக்கொண்டார், அவ்வளவுதான். அறையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மலைக்காரர்கள் வீடு கட்டினால் முதலில் யோசிப்பது குளிரை எப்படி வெளியே நிறுத்துவது என்பதைத்தான். ஜன்னல் இடுக்கில் பழைய துணியைத் திணித்து வைக்கிற ஊர் அது. டீச்சர் மட்டும் விடுவாரா? கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே ரப்பர் பட்டை. ஓர் இடுக்கு இல்லை, ஒரு ஜன்னல் இல்லை. எறும்பு நுழைய வேண்டுமென்றாலும் டீச்சரைக் கேட்டுத்தான் நுழைய வேண்டும்.

படத்தைக் கொண்டுபோய் குருவின் மேஜையில் விரித்துவிட்டு, பரீட்சை எழுதின பிள்ளை மாதிரி நின்றார்.

குரு வெகுநேரம் பார்த்தார்.

"வெயில் உள்ள வர வழி இருக்கு. வந்த வெயில் எப்பக் கிளம்பும், டீச்சர்?"

"அது எதுக்கு சார் கிளம்பணும்? அதைப் பிடிச்சு வெக்கத்தானே இவ்வளவு பாடு?"

குரு படத்தைச் சுருட்டிக் கையில் கொடுத்து, மறுநாள் மதியம் வெயில் இருந்தால் வரச் சொன்னார்.

வெயில் இருந்தது. ஊருக்குக் கீழே போஜன் என்பவருடைய கார்னேஷன் பூந்தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். பூச்செடிகளுக்கு மேல் பாலித்தீன் ஷீட் போர்த்திய நீளமான குடில். உள்ளே ஒரு ஸ்டூலைப் போட்டு டீச்சரை உட்கார வைத்தார். பக்கத்துத் திரைகளையெல்லாம் இறக்கிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு தானும் உள்ளே நின்றார்.

டீச்சருக்கு முதலில் சொர்க்கமாக இருந்தது. வெளியே காற்று ஊசியாகக் குத்துகிறது, உள்ளே கதகதவென்று இருக்கிறது. இதுதான், இதேதான் எனக்கு வேண்டும் என்று பூரித்துப் போனார். கொஞ்ச நேரத்தில் சால்வையை எடுத்தார். பிறகு ஸ்வெட்டரைக் கழற்றினார். பிறகு கழற்ற ஒன்றும் இல்லை. கழுத்தெல்லாம் கசகசவென்று வேர்த்தது. ஷீட்டின் உள்பக்கம் கோத்திருந்த நீர் சொட்டுச் சொட்டாகத் தலையில் விழுந்தது. இழுக்கிற மூச்சே வெந்நீர் ஆவியாக இருந்தது.

"சார், போதும். கதவைத் திறங்க."

குரு கதவைத் திறக்கவில்லை. ஓரத்தில் தொங்கிய கயிற்றை இழுத்தார். உச்சியில் ஒரு மூடி வாயைத் திறந்தது. உள்ளே அடைந்து கிடந்த சூடு மேலே ஏறிப் போவது டீச்சருக்கு முகத்திலேயே தெரிந்தது. கொஞ்சத்தில் மூச்சு லேசாயிற்று. வெயில் மட்டும் அப்படியே இருந்தது.

டீச்சர் உச்சியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குருவிடம் போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வீட்டுக்கு நடையைக் கட்டினார்.

புதுப் படம் பிறந்தது. கூரையின் உச்சியில் திறந்து மூடுகிற ஒரு கண்ணாடி மூடி. சுவரின் அடியில் சின்னச் சின்ன ஜன்னல்கள். கீழே காற்று நுழையும், மேலே சூடு போகும், நடுவில் நாற்காலியில் வெயில் இருக்கும். மூடியைத் திறக்க ஒரு கயிறு, கயிறு ஓட ஒரு கப்பி. எல்லாம் கச்சிதம். ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். படத்தைப் பாலித்தீன் பைக்குள் சுற்றிக்கொண்டு, குடையை வீட்டிலேயே மறந்துவிட்டு, கொட்டுகிற மழையில் டீச்சர் கடைவீதி வழியே ஓடினார். அவரிடம் படித்தவர்களெல்லாம் கடை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு, டீச்சர்" என்றார் குரு.

டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. நாளைக்கே கண்ணாடிக்குச் சொல்லிவிடலாம், பனிக்குள் முடித்துவிடலாம், மகனிடம் நிமிர்ந்து பேசலாம் என்று மனசு எங்கெங்கோ ஓடியது.

"இந்தக் கயிறு எங்க வந்து இறங்குது?"

"கூடத்துல, சார். சுவரைத் தாண்டி வீட்டுக்குள்ள. அடுப்படி வேலைக்கு நடுவுல வந்து நான் திறந்து மூடிக்குவேன். அவருக்கு அந்தச் சிரமமே கிடையாது."

குரு படத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

மழை விட்ட ஒரு காலையில் குரு, மூங்கிலும், போஜனிடம் இரவல் வாங்கிய ஷீட்டுமாக டீச்சர் வீட்டுக்கு வந்து நின்றார். அறை வரப் போகிற அதே இடத்தில், அதே அளவில், அதே சாய்வில் ஒரு குடிலைக் கட்டினார். உச்சியில் மூடி. மூடியின் கயிறு, படத்தில் இருந்தபடியே, கூடத்து ஜன்னலுக்குள் போய் இறங்கியது. குணசீலனை நடுவில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். டீச்சரைக் கூடத்தில் கயிற்றைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

வெயில் ஏறியது. குணசீலன் கால்களை நீட்டிக்கொண்டார். மப்ளரை அவிழ்த்தார். ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. போன மார்கழிக்குப் பிறகு பகலில் அவர் ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார்ந்து பார்த்ததில்லை.

"சுகிர்தா, கொஞ்சம் திறயேன்" என்றார் குணசீலன்.

டீச்சர் திறந்தார். ஒரு மேகம் வந்து மறைத்தது. மூடச் சொன்னார், மூடினார். மறுபடி வெயில், மறுபடி திறந்தார். போட்ட கணக்கெல்லாம் கண் முன்னால் நடக்கிறது. டீச்சருக்கு அதைவிடக் கொண்டாட்டம் வேறு என்ன இருக்கிறது? இன்னொரு மேகம் வந்ததும் கயிற்றை விட்டு மூடியை மூடிவிட்டு, அடுப்பில் வைத்த குழம்பைப் பார்க்க உள்ளே போனார். போன இடத்தில் தாளிக்கிற வேலையும் சேர்ந்துகொண்டது.

திரும்பி வந்து எட்டிப் பார்த்தால், மேகம் விலகி வெயில் சுட்டது, குணசீலனின் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து மூக்கு நுனியில் நின்றது. கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். குருவும் வெளியே ஒரு கல் மேல் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் பதறிப்போய்க் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு குடிலுக்கு ஓடினார்.

"ஏங்க, ஒரு குரல் கொடுத்திருக்கலாம்ல?"

குணசீலன் மப்ளராலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீ வேலையா இருந்த. எத்தனை தடவைதான் கூப்பிடறது?" என்றார். "எனக்கு ஒண்ணுமில்ல, சுகிர்தா. ஆனா காத்து வேணும்னாலும் உன்னைக் கூப்பிடணும், வேண்டாம்னாலும் உன்னைக் கூப்பிடணும். அதுக்கு நாம பையன்கிட்டயே போயிடலாமேன்னு இருக்கு."

கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் டீச்சருக்குச் சுருக்கென்று தைத்தது. இவ்வளவு ஓட்டமும் எதற்காக ஓடியது?

குரு எழுந்தார். கூடத்து ஜன்னலிலிருந்து கயிற்றை அவிழ்த்தார். கப்பியை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டி, கயிற்று நுனியைக் கொண்டுவந்து குணசீலனின் மடியில் போட்டார்.

குணசீலன் கயிற்றைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார். இழுத்தார், திறந்தது. விட்டார், மூடியது. பாதி திறந்து நிறுத்திப் பார்த்தார். அது பிடித்திருந்தது போலிருக்கிறது. கயிற்றை நாற்காலியின் கைப்பிடியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, முகத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு சாய்ந்தார்.

"சார், கண்ணாடிக்கு எப்பச் சொல்றீங்க? பனிக்கு முன்னாடி வந்துருமா?"

அந்த அறையைப் பற்றிக் குணசீலன் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அதுதான். டீச்சருக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்துக்குப் பின்னாலேயே பயமும் வந்து நின்றது. குருவைத் தனியே அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"சார், அவர் மறதிக்காரர். திறந்து வச்சுட்டு அப்படியே தூங்கிப் போயிடுவார். பனி இறங்கிட்டா என்ன ஆகும்? எனக்கு அவர் வேணும், சார். கயிறு என் கையிலயே இருந்துட்டுப் போகட்டுமே."

குரு படத்தை விரித்தார். கூடத்துக்குள் இறங்கிய கயிற்றை ரப்பரால் அழித்தார். பென்சிலை டீச்சரிடம் நீட்டினார்.

"தூங்கினா நீங்க வந்து மூடுங்க, டீச்சர். முழிச்சிருக்கும்போது அவர் பார்த்துக்கட்டும்."