துறைப் பொறுப்பாளர் வேலைக்கு வந்த கீரி

காட்டின் நடுவே ஒரு பெரிய ஏரி இருந்தது. யானைக் கூட்டம் அதை நிர்வகித்து வந்தது. அந்தக் கோடையில், ஏரிக்குத் துறைப் பொறுப்பாளர் ஒருவர் தேவை என்று யானைகள் அறிவித்தன.

எந்த விலங்கு எந்தத் துறையில் எப்போது தண்ணீர் குடிப்பது என்று அவர் முடிவு செய்ய வேண்டும். யாருக்கும் உத்தரவிட அவருக்கு அதிகாரம் கிடையாது. எது தவறினாலும் பொறுப்பு அவருடையது. வேலை கிடைத்தவர் குடும்பத்தோடு கரையிலேயே தங்கலாம்.

கீரி அதற்காகத்தான் வந்தது. அதன் வளைக்குப் பக்கத்தில் இருந்த குட்டை வற்றிவிட்டது. ஏரிக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனால், வளை போய்ச் சேர்வதற்குள் அதன் சின்னக் குட்டி மயங்கி விழுந்தது.

காட்டுப்பன்றியும் அதே வேலைக்கு வந்திருந்தது. மொத்தம் ஐந்து சுற்று நேர்காணல். முதல் சுற்றில், யானைகளுக்காக நேர்காணல் நடத்திய கொக்கு கேட்டது.

“இந்தக் காட்டில் எத்தனை எறும்புகள் இருக்கின்றன?”

“எனக்கு எப்படித் தெரியும்?” என்றது பன்றி. “எதுக்குக் கேக்கறீங்க? கடிக்குதா?”

பன்றியை அப்போதே அனுப்பிவிட்டார்கள்.

இதைப் பார்த்த கீரி பயந்துபோய் ஆமையிடம் ஓடியது. ஆமை இதே வேலைக்கு ஏழு முறை வந்து ஏழு முறையும் தோற்றது. இப்போது மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வந்தது.

“அண்ணே, நீங்க ஒரு தடவைகூடத் தேறலையே?”

“அதனாலதான் தம்பி, எல்லாக் கேள்வியும் எனக்குத் தெரியும்!”

கீரி அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டது.

“உன்கிட்ட ஒரு கெட்ட பழக்கம். பாம்பைப் பார்த்ததும் பாஞ்சிடுற! இங்கே அது ஆகாது. எதைக் கேட்டாலும் ‘நல்ல கேள்வி’ன்னு சொல்லு. கண்ணை மூடு. யாருக்கு வேணும், எதுக்கு வேணும், எவ்வளவு வேணும்னு திருப்பிக் கேளு. பதிலைக் கடைசியில சொல்லிக்கலாம்.”

“அதுக்குள்ள பாம்பு போயிடுமே!”

“பாம்பா உன்னை நேர்காணல் பண்ணப் போகுது?”

கீரி பத்து நாள் பயிற்சி செய்தது. பத்தாம் நாள் வளை வாசலுக்கு ஒரு நாகம் வந்தது. கீரி கண்ணை மூடிக்கொண்டது. நாகம் சிறிது நேரம் பார்த்துவிட்டுத் தன் வழியே போயிற்று. குட்டிகள் உள்ளேயிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தன.

நேர்காணல் நன்றாகவே நடந்தது. எறும்புக் கேள்வியைக் கீரி எளிதாகத் தாண்டியது. அடுத்த சுற்றில், “கண் தெரியாத கரடிக்கு ஒரு துறை அமைத்துக் கொடு” என்றது கொக்கு.

“நல்ல கேள்வி. அந்தக் கரடிக்குக் கூட்டம் பிடிக்குமா?”

கொக்கு மகிழ்ந்து தலையாட்டியது. எந்தக் கரடியையும் யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. நான்கு சுற்றும் இப்படியே முடிந்தன.

ஐந்தாம் சுற்றைத் தலைவர் யானையே நடத்தியது. முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்றுகொண்டு கேள்வி கேட்கத் தும்பிக்கையைத் தூக்கியது. அப்போது ஒரு முதலை அதன் பின்னங்காலைக் கவ்வியது.

“ஐயோ, முதலை! காலைப் பிடிச்சிருச்சு!”

“நல்ல கேள்வி” என்று கீரி கண்ணை மூடியது.

“கேள்வி இல்லடா, முதலை!”

“புரிகிறது ஐயா. இந்த முதலைக்கு உண்மையில் என்ன தேவை?”

“என் கால்!”

“முழுக் காலா, பாதியா?”

கொக்கு கரையில் நின்று மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தது.

தூரத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பன்றி ஓடி வந்து, முதலையின் மூக்கில் தன் கோரைப்பல்லை இறக்கியது. முதலை பிடியை விட்டது. யானை நொண்டிக்கொண்டே கரையேறியது.

“பன்றிக்கே வேலையைக் கொடுத்துவிடலாம்” என்றது யானை.

“முடியாது ஐயா” என்றது கொக்கு. “பன்றி எறும்பில் தேறவில்லை. தேறாதவர்கள் இரண்டு மழைக்காலம் கழித்துத்தான் மறுபடி வரலாம். நீங்கள் போட்ட விதிதான். கீரிதான் எல்லாச் சுற்றிலும் முதல்.”

“ஐந்தாம் சுற்றிலுமா?”

“அதில்தான் அதிக மதிப்பெண். கொஞ்சம்கூடப் பதறவில்லை.”

யானை தன் காலைப் பார்த்தது. பிறகு சம்மதித்தது.

கீரி குடும்பத்தோடு கரைக்குக் குடிவந்தது. மான்களுக்கு வடக்குத் துறை, கரடிகளுக்கு மேற்குத் துறை என்று பிரித்துக் கொடுத்தது. எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு பன்றி எங்கே தண்ணீர் குடித்ததோ அங்கேயே போய்க் குடித்தார்கள்.

மூன்றாம் நாள் கீரி போய்ப் பார்த்தது. பன்றியின் கால்களுக்கு நடுவே கீரியின் சொந்தக் குட்டிகள் இரண்டும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

“இங்கே ஏன் வந்தீங்க? நம்ம துறை அங்கேல்ல இருக்கு!”

சின்னக் குட்டி ஈர முகத்தைத் தூக்கியது.

“அங்கே முதலை வந்தா நீ கண்ணை மூடிக்குவியே, அப்பா!”

ஒரு வேலையைப் பெறுவதற்காகத் தன் இயல்பை விட்டுவிட்டவனுக்கு, வேலை கிடைத்த பிறகு அதைச் செய்ய உள்ளே ஆள் இருப்பதில்லை.