ஆனி மாசத்து முப்பத்திரண்டாம் நாள்

ஒரு ஊரு இருந்துச்சு, வாகைப்பட்டின்னு பேரு, அந்த ஊர்ல ஆண்டியப்பன்னு வெள்ளாமைக் காடு வச்சிருந்த ஒரு சம்சாரி இருந்தாரு. இருந்தாரு இருந்தாருன்னு இப்ப சொல்றேன், கடைசியில இல்லாமப் போயிட்டாரு, அந்தக் கதைதான் இது. உம் கொட்டிக்கிட்டே கேக்கணும். உம் நின்னுச்சுன்னா நானும் நிறுத்திப்பிடுவேன்.

அவருக்கு மூணு ஆம்பளைப் பிள்ளைக. மூத்தவன் மூக்கையா, நடுவுள்ளவன் கொம்பையா, இளையவன் தொட்டப்பன். நாலாவதா ஒரு பொம்பளைப் பிள்ளை, வெள்ளத்தாயி. அவளை ஓடைக்கு அந்தப் பக்கம் பொட்டல்பட்டியில கட்டிக் குடுத்து நாலு வருசம் ஆச்சு, வயித்துல ஒரு புழு பூச்சி இல்லை. ஆண்டியப்பன் சம்சாரம் போய்ச் சேர்ந்துட்டா. அவ போனதும் மூணு பயலுகளும் ஒண்ணா வந்து நின்னானுக. "அய்யா, இனி எதுக்கு நீங்க வெயில்ல கிடந்து பாடுபடணும்? காட்டை எங்களுக்குப் பிரிச்சு விட்டுட்டு உக்காந்து சாப்பிடுங்க"ன்னானுக. என்ன கரிசனம் பாத்தியா! அவரும் பூரிச்சுப்போயி, கல்லு பொறுக்கி முள்ளு வெட்டி தான் உண்டாக்கின காட்டை மூணாப் பிரிச்சுக் குடுத்துட்டாரு. தனக்குன்னு நிக்கிற அளவு மண்ணு கூட வச்சுக்கிடல. புத்தி கெட்ட மனுசன். பாசம் வந்தா எல்லாருக்கும் புத்தி கெட்டுத்தான் போகுது.

காடு கைக்கு வந்த மறுநாளே மூணு பேரும் முறை பேசினானுக. அப்பன் மாசத்துக்கு ஒரு வீடு. மாசம் பொறந்தா வீடு மாறணும். ஆளுக்கு முப்பது நாள் சோறு, ஒரு வேளை கூடவும் கிடையாது, ஒரு வேளை குறையவும் கிடையாது. மூத்த மருமக நியாயம்னா, நடு மருமக நியாயம்னா, சின்ன மருமக இதைவிட ஒரு நியாயம் உண்டான்னா.

ஆனா நம்ம மாசமெல்லாம் ஒரே அளவா இருக்கு? மார்கழிக்கு இருபத்தொம்பது, சித்திரைக்கு முப்பத்தொண்ணு, வைகாசிக்கு முப்பத்தொண்ணு, ஆனிக்கு அந்த வருசம் முப்பத்திரண்டு. என்ன உம்மையே காணோம்? இதை நல்லாக் காதுல வாங்கிக்கோ, கதையே இதுலதான் இருக்கு.

சித்திரை மாசம் மூத்தவன் வீடு. முப்பது நாள் சோறு போட்டாக. முப்பத்தொண்ணாம் நாள் காலையில அவரு கை கழுவிட்டு வந்து உக்காந்தா சோத்து வட்டில் வரல. மூத்த மருமக வந்து, "மாமா, முப்பது நேத்தோட முடிஞ்சு போச்சு"ன்னா. சரித்தான்னு எந்திரிச்சு நடுவுள்ளவன் வீட்டுக்குப் போனாரு. நடு மருமக வாசல்லயே நின்னு, "மாமா, வைகாசி நாளைக்குத்தானே பொறக்குது? நாளைக்கு வாங்க, சுடச்சுட வடிச்சுப் போடுறேன்"ன்னா. அவரு தெருவுல நின்னாரு. இந்த வீட்டுல நாள் முடிஞ்சு போச்சு, அந்த வீட்டுல நாள் பொறக்கல. மூத்தவன் வீட்டு நாய் மட்டும் முன்னால கிடந்து கம்மங்கஞ்சி குடிச்சுக்கிட்டிருந்துச்சு. அதுக்கு யாரும் தேதி பாக்கல.

அப்புறம் என்ன செஞ்சாரு, மக ஞாபகம் வந்து ஓடையைத் தாண்டிப் போனாரு. வெள்ளத்தாயிக்குத் தலைகால் புரியல. ஓடி வந்து, "வாங்கய்யா, சாப்ட்டீகளாய்யா?"ன்னு கேட்டா.

"ஆச்சு தாயி, வயிறு முட்டச் சாப்ட்டேன்"ன்னாரு.

அவளும் விட்டுட்டா. ஏன் விட்டான்னா, பொண்ணு குடுத்த வீட்டுல, அவளுக்கு ஒரு பிள்ளை பொறக்குற வரைக்கும் பெத்தவன் சோத்துல கை நனைக்கக் கூடாதுன்னு அந்தப் பக்கத்து வழக்கம். தண்ணி மட்டும் குடிக்கலாம். தண்ணி கொண்டாந்தா. ஒரு செம்புத் தண்ணியும் மூச்சு விடாமக் குடிச்சாரு. கொஞ்ச நேரம் அவ முகத்தைப் பாத்துக்கிட்டிருந்துட்டு, வாகைப்பட்டிக்கு நடந்து போயி ஊர்ச் சாவடியில படுத்துக்கிட்டாரு.

வைகாசி நடுவுள்ளவன் வீடு. முப்பத்தொண்ணாம் நாள் அங்கயும் வட்டில் வரல. இளையவன் வீட்டுல, "ஆனி நாளைக்குத்தான்"ன்னு சொல்லிட்டாக. அவரு திரும்பவும் ஓடையைத் தாண்டி மக வீட்டுக்குப் போனாரு.

"சாப்ட்டீகளாய்யா?"

"ஆச்சு தாயி."

அன்னைக்கு ரெண்டு செம்புத் தண்ணி. வெயில் கொடுமைன்னு நினைச்சா வெள்ளத்தாயி. பக்கத்து வீட்டுக்காரிகிட்ட பெருமை வேற அடிச்சுக்கிட்டா. "எங்கய்யாவைப் பாத்தியா, மாசக் கடைசியானா மகளைப் பாக்காம அவரால இருக்க முடியல"ன்னு.

ஆனி இளையவன் வீடு. முப்பது முடிஞ்சுது. முப்பத்தொண்ணாம் நாள் சாவடியில வயித்துல ஈரத்துணியைப் போட்டுக்கிட்டுப் படுத்திருந்தாரு. நாளைக்கு மாசம் பொறந்துரும்னு நினைச்சாரு. பொறக்கல. அது முப்பத்திரண்டு நாள் மாசம். மறுநாள் மத்தியானம் எந்திரிச்சு, எப்படி நடந்தாரோ, ஓடையைத் தாண்டி மக வீட்டுக்கு வந்துட்டாரு.

"சாப்ட்டீகளாய்யா?"

"ஆச்சு தாயி."

அன்னைக்கு நாலு செம்புத் தண்ணி. குடிச்சுட்டு, அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பாத்துட்டு, "இன்னைக்கு என்ன கொழம்பு தாயி?"ன்னு கேட்டாரு.

"கருவாட்டுக் கொழம்புய்யா."

"வாசம் நல்லாருக்கு"ன்னாரு. சொல்லிட்டு எந்திரிச்சாரு. அவ தலையில கையை வச்சாரு. அவரு தெரு முக்குல திரும்புற வரைக்கும் வாசல்ல நின்னு பாத்தா. அதோட சரி. அதுக்கப்புறம் ஆண்டியப்பனை யாரும் பாக்கல.

ஆடி பொறந்துச்சு. மூத்தவன் வீட்டுக்கு அவரு வரணும், வரல. மூத்த மருமக தெருவை ஒரு எட்டுக் கூட எட்டிப் பாக்கல. வரலைன்னா ஒரு வாய் குறைஞ்சுதுன்னு இருந்துட்டா. ஆடி முழுக்க ஒருத்தனும் ஒருத்தனைக் கேக்கல. முப்பத்தொரு நாள் பிள்ளைகளா, பெத்த அப்பனைக் காணோம், மூணு வீட்டுலயும் அடுப்பு புகைஞ்சுது, மூணு வீட்டுலயும் சோறு வெந்துச்சு, மூணு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டுட்டுத் தூங்கினானுக. நினைச்சாலே எனக்கு வயிறு எரியுது.

தேடினது வெள்ளத்தாயி ஒருத்திதான். ஆடி முப்பத்தொண்ணாம் நாள் அய்யா வருவாருன்னு புதுப்பானையில தண்ணி ஊத்தி வச்சுட்டு, பொழுது சாயிற வரைக்கும் வாசல்லயே உக்காந்திருந்தா. வரல. மறுநாள் ஆவணி ஒண்ணு. விடிஞ்சதும் ஓடையைத் தாண்டி ஓடினா.

மூத்தவன் வீட்டுல போயி, "பெரியண்ணே, அய்யா எங்க?"ன்னா.

"ஆடி என் முறைதான். ஆனா அவரு வரலையே. வராத ஆளுக்கு நான் எங்க போயி சோறு போட?"ன்னான் மூக்கையா.

நடுவுள்ளவன் வீட்டுல போயி, "நடுவுலண்ணே, அய்யா எங்க?"ன்னா.

"இன்னைக்குத்தானே என் முறை பொறந்திருக்கு? வந்தா போடுறேன்"ன்னான் கொம்பையா.

இளையவன் வீட்டுல போயி, "சின்னண்ணே, அய்யா எங்க?"ன்னா.

"ஆனி முப்பது சாயங்காலம் வரைக்கும் குறையில்லாமச் சோறு போட்டு அனுப்பினேன். என் மேல ஒரு பழி சொல்ல முடியாது"ன்னான் தொட்டப்பன்.

"முப்பத்தொண்ணுக்கும் முப்பத்திரண்டுக்கும் எங்கண்ணே சாப்பிட்டாரு?"

"அதை ஏன் என்கிட்ட கேக்குற? அது யாரு நாளும் இல்லை."

அப்பத்தான் அவளுக்கு விளங்குச்சு. சித்திரைக் கடைசி, வைகாசிக் கடைசி, ஆனிக் கடைசி. ஒரு செம்பு, ரெண்டு செம்பு, நாலு செம்பு. அய்யா மகளைப் பாக்க வரல, பசியோட வந்திருக்காரு. நடுத்தெருவுல உக்காந்து வாயில வாயில அடிச்சுக்கிட்டு அழுதா. அப்புறம் எந்திரிச்சு ஒவ்வொரு கிணறாப் பாத்தா, கண்மாயைச் சுத்திப் பாத்தா, வழிப்போக்கர் மடத்துல எல்லாம் விசாரிச்சா. கோவணம் கட்டின கிழவரை எல்லாம் ஓடிப்போயி முகத்தைத் திருப்பிப் பாத்தா. ஒரு தடயமும் இல்லை. கடைசியில ராஜாகிட்டப் போயி விழுந்தா.

அந்த ராஜாவுக்குக் கொஞ்சம் மந்த புத்தி. எதையும் மூணு தரம் கேட்டாத்தான் மண்டையில ஏறும். மந்திரிமாரெல்லாம் முதுகுக்குப் பின்னால சிரிப்பாக. அவரு, வெள்ளத்தாயியோட அண்ணனுக மூணு பேரையும் பிடிச்சாரச் சொல்லி முன்னால நிறுத்தினாரு.

"ஆனி முப்பத்தொண்ணாம் நாள் அவரு யாருக்கு அப்பன்?"ன்னு கேட்டாரு.

"எனக்கில்லை ராஜா, என் முறை ஆடி"ன்னான் மூத்தவன்.

"எனக்கில்லை ராஜா, என் முறை ஆவணி"ன்னான் நடுவுள்ளவன்.

"எனக்கில்லை ராஜா, என் முறை முப்பதோட முடிஞ்சுது"ன்னான் இளையவன்.

"எனக்குப் புரியலையே. அன்னைக்கு உங்க வீட்டு நாய் சாப்பிட்டுச்சா?"

"சாப்பிட்டுச்சு ராஜா."

"மாடு?"

"சாப்பிட்டுச்சு."

"நீங்க?"

"சாப்பிட்டோம் ராஜா."

"எந்தக் காட்டுல விளைஞ்சதைச் சாப்பிட்டீக?"

"எங்க காட்டுலதான்."

"உங்களுக்கு அந்தக் காடு எப்படி வந்துச்சு?"

"எங்கப்பன் குடுத்தாரு ராஜா."

ராஜா தலையைச் சொறிஞ்சாரு. "அன்னைக்குத்தான் உங்க மூணு பேருக்கும் அப்பனே இல்லையே. அப்பனே இல்லாத நாள்ல, அப்பன் குடுத்த காடு மட்டும் எப்படி இருக்கும்?"ன்னாரு. மந்திரிமாருக்குச் சிரிப்பு வரல.

உடனே தண்டோராப் போடச் சொல்லிட்டாரு. எந்த மாசத்துல முப்பதுக்கு மேல நாள் வந்தாலும், அந்த நாள்ல இந்த மூணு பேருக்கும் காடு கிடையாது, வீடு கிடையாது, ஆடு மாடு கிடையாது. வேணுங்கிறவன் போயி வேணுங்கிறதை எடுத்துக்கலாம். கேக்க ஆள் வரமாட்டாக.

அவனுகளை வெளிய தள்ளினதுக்கப்புறம் ராஜா வெள்ளத்தாயியைப் பாத்து, "தாயி, உனக்கு நியாயம் கிடைச்சுதா?"ன்னாரு.

"எங்கய்யா கிடைக்கலையே ராஜா."

"கடைசியா அவரை யாரு பாத்தது?"

"நான்தான் ராஜா."

"என்ன குடுத்த?"

"தண்ணி."

அவருக்கு விளங்கல. "பசியோட வந்தவருக்கு என்ன குடுத்த?"ன்னு திரும்பக் கேட்டாரு. "தண்ணி ராஜா"ன்னா. மூணாவது தரமும் கேட்டாரு. மூணாவது தரமும் அவ அதையே சொன்னா.

"ஏன் தாயி சோறு போடல?"

"வழக்கம் இல்லை ராஜா. சாப்ட்டீகளான்னு கேட்டேன். ஆச்சுன்னாரு. அவரு ஆச்சுன்னு சொல்லணும்னுதான் நானும் கேட்டிருக்கேன். இப்பத்தான் தெரியுது. அவுகளுக்குக் குடுத்த மாதிரி எனக்கும் ஒரு தண்டனை குடுங்க."

ராஜா ரொம்ப நேரம் யோசிச்சாரு. யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டு, "எனக்கு ஒண்ணும் தோணல, நீ வீட்டுக்குப் போ தாயி"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு. நாலு அடி குடுத்திருந்தாக் கூட அவளுக்கு ஆறுதலா இருந்திருக்கும்.

ஆவணி முப்பத்தொண்ணு வந்துச்சு. விடியுமுன்னே சாக்கோடயும் கயித்தோடயும் ஊரே வந்து நின்னுச்சு. அன்னைக்குக் கோழியும் தானியமும் போச்சு. புரட்டாசி முப்பத்தொண்ணுல ஆடும் மாடும் போச்சு. அப்புறம் ஆறு மாசம் தப்பிச்சானுக, அந்த மாசமெல்லாம் முப்பதைத் தாண்டல. சேத்து வச்சதை எல்லாம் சித்திரை முப்பத்தொண்ணுல மொத்தமா வாரிக்கிட்டுப் போயிட்டாக, கதவு நிலை வரைக்கும் பேத்து எடுத்துட்டாக. மருமகமாரு மூணு பேரும் பிறந்த வீட்டுக்குப் போயிட்டாளுக. அப்பன் படுத்திருந்த சாவடியில மகன் மூணு பேரும் படுத்தானுக. யாரு வந்து சோறு போடுவா? யாரு முறைன்னு கேப்பா? ஒருத்தரும் கேக்கல.

ஊர்க்காரக ஓடையைத் தாண்டி வந்து வெள்ளத்தாயிகிட்ட சந்தோசமாச் சொன்னாக. "உங்கண்ணனுக தெருவுக்கு வந்துட்டானுக"ன்னு. அவ கேட்டா, "எங்கய்யா வந்துட்டாரா?"ன்னு. இல்லைன்னாக. "அப்ப எதுக்கு இதை என்கிட்ட சொல்ல வந்தீக?"ன்னுட்டு, வந்தவுக எல்லாரையும் உக்காரச் சொன்னா. யாருகிட்டயும் எதுவும் கேக்கல. இலையைப் போட்டா, சோத்தை வச்சா. அதுல அதே பொட்டல்பட்டியில பொண்ணைக் குடுத்த ஒரு பெரியவரு இருந்தாரு, மக வீடு அடுத்த தெருதான், அவளுக்கும் இன்னும் பிள்ளை இல்லை, அதனால அந்த ஊர்லயே கை நனைக்க மாட்டாரு. "எனக்கு வேணாம்மா, சாப்ட்டுத்தான் வந்தேன்"னு எந்திரிக்கப் பாத்தாரு. அவரு தோளைப் பிடிச்சு அமுக்கி உக்கார வச்சா. "பொய் சொல்லாதீக மாமா, சாப்பிடுங்க. சாப்ட்டுட்டு உங்க மக வீட்டுக்கும் போயி ஒரு வாய் சாப்பிடுங்க, எந்தச் சாமி வந்து கேக்குதுன்னு பாப்போம்"னா. அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டு அம்புட்டுச் சோத்தையும் சாப்பிட்டாரு. ரெண்டாந்தரமும் வாங்கிக்கிட்டாரு.

அவ்வளவுதான் கதை, முடிஞ்சுது. ஆண்டியப்பன் எங்க போனாரு, செத்தாரா, இருந்தாரா, எந்தக் காட்டுல விழுந்தாருன்னு என்னைக் கேக்காதீக. எனக்குத் தெரியாது, வெள்ளத்தாயிக்கும் சாகுற வரைக்கும் தெரியல. ஒண்ணே ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கிட்டுப் படுங்க. நாளைக்கு உங்க வாசல்ல வயசானவுக யாரும் வந்து நின்னா, சாப்ட்டீகளான்னு கேக்காதீக. பேசாம இலையைப் போடுங்க.