ஒற்றைச் சமக்குறி

நேற்றும் இல்லை, நாளையும் இல்லை, அப்படி ஒரு காலம். ஒரு மலை. மலைமேல் ஒரு மடம். அங்கே மந்திரம் ஓதுகிறவர்கள் இல்லை, கணினிக்கு ஜாவாஸ்கிரிப்ட் நிரல் எழுதுகிறவர்கள்.

வெள்ளம் வடிந்த வாரம். தொலைந்தவர்களைத் தேட ஒரு வலைப்பக்கம் எழுதியிருந்தார் நல்லபெருமாள், தலை நரைத்த சீடர். பேரைக் கொடுத்தால், முகாம் பட்டியலில் அவர் நிலை ‘நலம்’தானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

செல்லக்கிளி என்றொரு பெண் மலையேறி வந்தாள்.

“போன்ல பாத்தா என் தம்பி மாடசாமி நலம்னு வருது. எந்த முகாமுலயும் அவன் இல்லையேய்யா.”

அவளை வாசலில் நிறுத்திவிட்டு, நல்லபெருமாள் குருவிடம் ஓடினார். குரு தெய்வானை அவர் மகளைவிட இளையவர்.

“அம்மா, செத்துப்போன எங்கப்பா பேரைப் போட்டாலும் நலம்ங்குது. பிழைன்னு ஒரு வரி காட்டலை. மிஷின் பொய் சொல்லுமா?”

குரு அவர் எழுதிய நிரலைப் பார்த்தார்.

“சாப்பிட்டீங்களா ஐயா?”

அவர் வாய் திறப்பதற்குள் குரு, அடுக்களைப் பலகையில் அவர் பேருக்கு நேரே ‘சாப்பிட்டாச்சு’ என்று எழுதிவிட்டார்.

மடத்தில் பலகை வைத்ததுதான் சட்டம். பந்தியில் நல்லபெருமாளுக்கு இலை விழவில்லை.

“பலகை சாப்பிட்டாச்சுங்குதே,” என்றாள் சமையல்காரி. “ஒரு வயித்துக்கு ரெண்டு இலையா?”

குருவிடம் திரும்பி வந்தார்.

“என்னைக் கேக்கவே இல்லையே!”

“கேட்டேனே.”

“எங்கே கேட்டீங்க? நீங்களா எழுதிட்டீங்க!”

குரு திரையை அவர் பக்கம் திருப்பினார்.

நிலைக்கும் நலத்துக்கும் நடுவே ஒற்றைச் சமக்குறி. ஒற்றைக்குறி, நிலை நலம் என்று தானே எழுதிவைக்கும். நலம்தானா என்று கேட்க வேண்டுமானால் மூன்று குறி. முதல் நாள் படித்த பாடம்.

நல்லபெருமாள் இன்னும் இரண்டு குறி சேர்த்தார். மாடசாமி பேரைப் போட்டார்.

‘தகவல் இல்லை.’

“அந்தப் பொண்ணுகிட்ட நீங்க சொல்லுங்கம்மா. என்னால ஆகாது.”

குரு எழுந்துபோய், பலகையில் தான் எழுதியதைத் தன் முந்தானையாலேயே துடைத்தார்.

நல்லபெருமாள் வாசலுக்குப் போனார். கைகூப்பினார்.

“தப்பு என்னோடது தாயி. உன் தம்பியைப் பத்தி எங்களுக்கு ஒண்ணும் தெரியாது.”

“அப்ப நலம்னு சொன்னது?”

“பட்டியலைக் கேக்காமலே சொல்லிட்டேன்.”

அவள் அழவில்லை.

“மூணு நாளா முகாமுலயே தேடினேன்,” என்றாள். “ஆத்தோரம் பாக்கவே இல்லை.”

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள்.

உள்ளே இலை போட்டுவிட்டு, சமையல்காரி அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். நல்லபெருமாள் செருப்பை மாட்டிக்கொண்டு, ஆற்றுப் பக்கமாகச் செல்லக்கிளி பின்னால் நடந்தார்.